தண்ணீர்த் தொட்டியின் சிவப்புப் பக்கம்

எங்கள் ஊர் ஒரு மேசை மேல் பிறந்தது. மற்ற ஊர்களெல்லாம் ஒரு கிணற்றைச் சுற்றியோ சந்தையைச் சுற்றியோ தானாக முளைத்து, கோணல்மாணலாக வளர்ந்தவை. இது காகிதத்திலேயே பல் முளைத்து, தலை வாரி, சட்டைப் பொத்தானும் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தரையில் இறங்கியது.

அதற்கு முன் இங்கே மணலும் முள்ளும் நண்டும்தான். திட்டம் போட்ட பொறியாளர் அடிக்கோலை வைத்துக் கடலை நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தார். கோட்டுக்கு வடக்கே விடுமுறைக்கு வருகிறவர்களின் கடற்கரை, விடுதிகள், சாய்ந்து உட்கார நாற்காலிகள். தெற்கே மீன்பிடித் துறைமுகம், ஏலக்கூடம், ஐஸ் ஆலை, படகுக்காரர்களின் வீடுகள். நடுவில் ஒரு நேர்ச்சாலை. மீன் வாடை சாலையைத் தாண்டக்கூடாது என்று திட்டத்திலேயே எழுதியிருந்ததாம். காற்றுக்குப் படிக்கத் தெரியாது. கடற்பறவைகள் மட்டும் திட்டத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டன. வடக்கே விடுதித் தட்டுகளில் சாப்பிட்டுவிட்டுத் தெற்கே வந்து எங்கள் கூரைகளில் காலைக்கடன் கழித்தன.

எல்லாவற்றையும் வரைந்தவர் சுடுகாட்டை மறந்துவிட்டார். இளைப்பாற வருகிற இடத்தில் யார் சாகப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். முதலில் இறந்த பெரியவரை, வரைபடம் திருத்தி வரும்வரை ஐஸ் ஆலையில்தான் வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோதுகூட அவர் அவ்வளவு களையாக இருந்ததில்லை என்று அவருடைய வீட்டார் இன்றும் சொல்வார்கள். ஐஸ் ஆலைக்காரர்கள் இதை மறுக்கிறார்கள். மறுக்கட்டும்.

முதல் லாரியில் சிமென்ட் மூட்டைகளோடு வந்து இறங்கியவர்களில் பெயிண்டர் ஒருவர். வாலிபர்; ஒல்லி; அப்படி ஒரு உயரம். அவரும் அவருடைய ஏணியும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றால், எதன் மேல் சட்டை இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர் அவருக்கு ‘ஏணி’ என்றே பெயர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார்.

ஊர் முழுக்க அவர் கைதான். விடுதிச் சுவர்களுக்கு வெள்ளை, கதவுகளுக்கு நீலம், தெற்கே வீடுகளுக்கு வெளிறிய மஞ்சள். எல்லாம் ஊரைக் கட்டிய கம்பெனி முடிவு செய்த நிறம். ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டே போய் மறுமுனையைத் தொடும்போது உப்புக்காற்று முதல் சுவரைத் தின்று முடித்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு வேலை அமைய யாருக்குக் கொடுத்துவைத்திருக்கும்? கம்பெனி அவருக்கு வீடும் கொடுத்தது. நேர்ச்சாலையின் மேலேயே இரண்டு அறை. வாசல் வடக்கே பார்க்கும், அடுப்படி தெற்கே பார்க்கும்.

கல்யாணமும் பெயிண்டால்தான் ஆனது. ஏலக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவர், மீன் தரம் பிரிக்கிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த தூணையே ஒரு வாரம் அடித்தார். மற்றத் தூண்களைவிட அந்தத் தூண் இன்றும் ஒரு விரல் தடிமன் அதிகம். கடைசியில் அந்தப் பெண்ணின் அண்ணன்தான் வந்து, “தூணுக்கு மூச்சு முட்டுது. பேச வேண்டியதை வீட்டுல வந்து பேசு மாப்ள” என்றார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீனவர் சங்கத்தின் பெரிய படகில் சுக்கான் பிடிக்கிறவர். துறைமுகத்தில் அவரைவிட நல்ல கை கிடையாது என்பது பொதுக்கருத்து. அதை முதலில் சொன்னதும் அவரே. ஏணிக்கு அவர் மச்சான். பிறகு சங்கமே அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தது. தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

துறைமுக வாயிலுக்கு வெளியே, தண்ணீருக்கடியில் ஒரு பாறை உண்டு. வெளியே தலை காட்டாது. சத்தம் போடாது. நாம் எப்போது கால் தடுக்குவோம் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். படகுக்காரர்கள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மாமியாரைத் தாண்டி வர அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கடலிலிருந்து கரையைப் பார்த்தால், கிட்டத்தில் ஐஸ் ஆலையின் புகைபோக்கி; அதற்குப் பின்னால், மேட்டில், ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் உருண்டைத் தொட்டி, செக்கச்செவேல் என்று. தொட்டியின் நடுவும் புகைபோக்கியும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி சுக்கானைப் பிடித்தால் போதும். மாமியார் வலது பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பாள். படகு வீடு வந்து சேரும். தொட்டியில் ஒரு முழம் தப்பினால் கடலில் ஒரு படகு நீளம் தப்பும்.

இதில் வேடிக்கை, அந்தச் சிவப்பை யாரும் திட்டம் போட்டு அடிக்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசுகிற அடிப்பூச்சு அது. மேலே அடிக்க வேண்டிய நல்ல பெயிண்ட் வருகிறது, வருகிறது என்றார்கள். வரவே இல்லை. அடிப்பூச்சே வெளிப்பூச்சாகிவிட்டது. இவ்வளவு திட்டம் போட்ட ஊரில், படகுகளைக் காப்பாற்றியது திட்டத்தில் விடுபட்டுப்போன ஒன்று.

பல வருஷம் கழித்து கம்பெனிக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். சீசன் தொடங்கும் முன் ஏணியைக் கூப்பிட்டு விடுதி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார்.

“பெயிண்டர், அங்க பாருங்க. கடல் எவ்வளவு அழகா இருக்கு! எந்தப் பக்கம் திரும்பி போட்டோ எடுத்தாலும் மூலையில அந்தச் சிவப்புத் தொட்டி வந்து நிக்குது. கூப்பிடாத சொந்தக்காரர் மாதிரி.”

“அது ரொம்ப நாளா அங்கதான் சார் இருக்கு.”

“இருக்கட்டும். வெள்ளையா அடிச்சிடுங்க. வானத்தோட வானமா கலந்துடணும்.”

“சார், படகுக்காரங்க அதை அடையாளம் வச்சுத்தான் கரைக்கு வர்றாங்க.”

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அவங்களுக்குக் கடல் இருக்கு, அவங்க பார்த்துப்பாங்க. உங்களுக்கு வீடு இருக்கு, நீங்க பார்த்துக்குங்க.”

அன்று சாப்பாடு ஏணிக்கு இறங்கவில்லை. மனைவி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்கண்ணன் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வீடு வந்து சேர்றாரு.”

“தெரியும்.”

“வீட்டைப் புடுங்கிடுவாங்களா?”

“சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. புடுங்கிடுவாங்க.”

கொஞ்ச நேரம் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார். “ஏம்மா, தொட்டி உருண்டைதானே? விடுதி பார்க்கிற பக்கம் வெள்ளை அடிச்சிடறேன். துறைமுகம் பார்க்கிற பக்கத்தைத் தொடல. அவருக்கும் வேலை ஆச்சு, மச்சானுக்கும் சிவப்பு இருக்கு.”

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “உங்க மூளை துருப்பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். பரவாயில்லையே!”

அப்படியே செய்தார். கயிற்றுத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் முழுவதையும் வெளுத்தார். மேனேஜர் மொட்டைமாடியிலிருந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஏணி கீழே இறங்கியதும் கைகூடக் கழுவாமல் நேராகப் படகுத்துறைக்குப் போய், மச்சானைத் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“பாரு மச்சான். எங்கேயாவது வெள்ளை தெரியுதா?”

மச்சான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். படகுத்துறையில் நின்று பார்த்தால் தொட்டி முழுக்கச் சிவப்பு. “பொட்டுக்கூட தெரியல மாப்ள. ஏமாத்துறதுல உனக்கு இவ்வளவு திறமை இருக்கும்னு தெரிஞ்சிருந்தா தங்கச்சியைக் கொடுத்திருக்க மாட்டேன்.” பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “தொட்டியில ஒரு மாத்தமும் இல்லப்பா. என் மாப்ள பொறுப்பு.”

மறுநாள் அவர் படகு தூரக்கடலுக்குப் போனது. திரும்பப் பல நாள் ஆகும்.

கரைக்குப் பக்கத்திலேயே மீன் பிடித்த படகுகள் தினமும் காலையில் திரும்பின. ஒருநாள் கடைத்தெருவில் ஒரு படகுக்காரர் ஏணியைப் பார்த்து, “என்னப்பா, பாதித் தாடி மழிச்ச மாதிரி விட்டுட்டே? சோப்பு தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார். மனிதர் சாலைப் பக்கமிருந்து பார்த்திருப்பார் என்று நினைத்து ஏணியும் சிரித்துவைத்தார். பதில்கூடத் தயாராக வைத்திருந்தார்: “மீதித் தாடி சீசன் முடிஞ்சதும்.”

மச்சானின் படகு திரும்பி வந்த நாளில் பிற்பகலிலேயே வானம் பால் திரிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அலை பெரிதாக இருந்ததால் மற்றப் படகுகள் முன்னமே வந்துவிட்டிருந்தன. ஏணி ஒரு விடுதிக் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். கடற்கரை நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்துத்தான் திரும்பினார். மாமியார் இருக்கும் இடத்தில் மச்சானின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நின்றது என்பதுதான் பயங்கரம். கடலில் படகு அப்படி அசையாமல் நிற்காது.

ஆள் சேதம் இல்லை. விடுதியின் உல்லாசப் படகு பக்கத்தில் இருந்ததால் எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. அதிலிருந்த பயணிகள் நனைந்தவர்களுக்குத் துண்டு கொடுத்தார்கள்; கொடுத்துவிட்டுப் போட்டோவும் எடுத்தார்கள். படகு மட்டும் அலைக்கு அலை அடி வாங்கி, பொழுது சாய்வதற்குள் இரண்டாகப் போனது.

மச்சான் கரையேறியதும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “தொட்டி நடுவும் புகைபோக்கியும் நேரா இருந்துச்சு.” சங்கத்துப் பெரியவர்கள் கேட்டார்கள், அதையே சொன்னார். தங்கச்சி கேட்டாள், அதையே சொன்னார். நேராக இருந்தால் மாமியார் மேல் ஏற முடியாது. மற்றப் படகுகளெல்லாம் அதே தொட்டியைப் பார்த்துத்தானே வந்தன? ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: மச்சானுக்குக் கண் போய்விட்டது. வயசாகிறது, என்ன செய்வது. அவர் கையில் இனிமேல் சுக்கான் கொடுப்பதா வேண்டாமா என்று ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டுப் பேச வேண்டும் என்றார்கள்.

பரிதாபம் என்னவென்றால், மச்சானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். தங்கச்சி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். கோத்தார், உருவினார், மறுபடி கோத்தார்.

“எத்தனை விரல் காட்டுறேன், சொல்லு.” தன் விரலைத் தானே காட்டித் தங்கச்சியிடம் கேட்டார்.

“உன் விரல் உனக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியுது. எனக்குத் தெரியறதுதான் உனக்கும் தெரியுதான்னு பார்க்கிறேன்.”

வாய்ச்சவடால் அடித்தே வாழ்ந்த மனிதர் இப்படிப் பேசினால் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள்.

உடைந்த படகிலிருந்து என்ஜினையாவது கழற்ற முடியுமா என்று பார்க்க ஒரு சின்னப் படகு போனது. கைக்கு ஆள் வேண்டும் என்றதால் ஏணியும் போனார். அவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் கடலுக்குள் நின்று ஊரைப் பார்த்தவர் இல்லை அவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தற்செயலாகத் திரும்பிக் கரையைப் பார்த்தார். அன்றும் பிற்பகல், அன்றும் வெளுத்த வானம்.

தொட்டி சின்னதாகியிருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் அடித்த வெள்ளை, மேனேஜர் ஆசைப்பட்டபடியே, வானத்தோடு வானமாகக் கலந்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த சிவப்பு மட்டும் ஒரு முழுத் தொட்டி மாதிரி, இடது பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றது. அதன் நடுவை நடு என்று நம்பிப் புகைபோக்கியோடு நேர் பார்த்தால் படகு வலது பக்கம் விலகி வரும். நேராக மாமியார் மடிக்கு.

வாழ்நாள் முழுக்கச் சுவரோடு பழகியவர். சுவருக்கு ஒரு பக்கம் உண்டு, மறுபக்கம் உண்டு. ஒன்றை அடித்து ஒன்றை விட்டுவிடலாம். உருண்டைக்கு அப்படிப் பக்கம் கிடையாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. படகுத்துறையில் நின்று பார்த்தது போதும் என்று இருந்துவிட்டார். மச்சானும் அதே இடத்தில் நின்றுதான் பார்த்தார். ஆனால் மச்சான் பார்த்தது மாப்பிள்ளையின் வார்த்தையை நம்பி. காலையில் வந்த படகுகளுக்கு வெயில் தொட்டியின் மேல் விழுந்து வெள்ளை பளீரென்று தெரிந்திருக்கும். பாதித் தாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சரியான நடுவைப் பிடித்திருப்பார்கள். முழுவதையும் வெள்ளையாக அடித்திருந்தால்கூட, மச்சான் அடையாளம் காணோமே என்று வெளியிலேயே நிறுத்தியிருப்பார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பில் இருந்ததைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பரவாயில்லையே என்று சொன்னது அவளும்தானே.

“கூட்டத்துல சொல்லணும்,” என்றாள் கடைசியில்.

“சொன்னா நான் பாதிதான் அடிச்சேன்னு மேனேஜருக்குப் போயிடும். வீடு போயிடும்.”

“ஆமா.”

“உங்கண்ணனுக்கு வேற படகுல ஏதாவது வேலை...”

“என்ன வேலை? ஐஸ் அள்ளிக் கொட்டுற வேலையா? ஊசியும் நூலும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, பார்த்தீங்கல்ல?” கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?”

ஏலக்கூடத்தில் அன்று மீன் இல்லை, ஆள்தான். மச்சான் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஏணி அந்தத் தடித்த தூணுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார்.

“மச்சான் கண்ணுல குறை இல்ல. குறை தொட்டியில இருக்கு. நான் வச்ச குறை.”

“பெயிண்ட்காரருக்கு இங்க என்ன பேச்சு?” என்றது ஒரு குரல். “மச்சானைக் காப்பாத்த வந்திருக்காரு, உட்காருய்யா” என்றது இன்னொன்று. பாதித் தாடி சொன்னவர் எழுந்தார். “அப்ப நாங்கல்லாம் எப்படிப்பா வந்தோம்? நீந்தியா?”

“நீங்க காலையில வந்தீங்க. வெள்ளை தெரிஞ்சுது. அன்னைக்கே நீங்க சொன்னீங்க, எனக்கு உறைக்கல. நாளைக்குப் பிற்பகல்ல என்னோட வாங்க. காட்டுறேன்.”

போனார்கள். பார்த்தார்கள். மச்சானையும் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். மாமியாருக்கு வெளியே படகை நிறுத்திக் கரைப் பக்கம் திரும்பினார்கள். பாதித் தாடிக்காரர்தான் மெதுவாக, “நானா இருந்தாலும் ஏத்தியிருப்பேன்” என்றார்.

மச்சான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்பதில் கூடப் போனவர்களுக்குள் இன்றுவரை ஒற்றுமை இல்லை.

கரைக்கு வந்ததும் ஏணியைப் பார்க்காமலே சொன்னார். “மாப்ள, நாளைக்கு ஏறி மிச்சத்தையும் வெள்ளையாக்கிடு.”

“முழுசும் சிவப்பாவே அடிச்சிடறேன் மச்சான். வேலை போனாப் போகுது.”

“அடிப்ப. அடுத்த வாரம் அவங்க வேற ஆளை ஏத்தி அரைகுறையா வெளுப்பாங்க. தொட்டியே தெரியலன்னா எவனும் அதை நம்பி வரமாட்டான். வெள்ளையாக்கு.”

ஏணி ஏறினார். கம்பெனிக்குச் செய்த கடைசி வேலை அது. அவர் இறங்குவதற்குள் செய்தி நேர்ச்சாலையைத் தாண்டியிருந்தது. மேனேஜர் இந்தமுறை சிரிக்கவில்லை. கம்பெனியை ஏமாற்றிய குற்றத்துக்கு வேலை போயிற்று, வீடும் போயிற்று. வலை பழுது பார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறையில் குடியேறினார்கள். அங்கே வாசலும் தெற்கு, அடுப்படியும் தெற்கு. சங்கத்தார் சொந்தச் செலவில் கரையில் இரண்டு கம்பங்கள் நட்டார்கள். அதற்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்தவர் ஏணிதான். அடிப்பதற்கு முன்னும் பின்னும் கடலுக்குள் போய் நின்று பார்த்தார்; மாலையில் ஒருமுறை, வானம் மப்பாக இருக்கையில் ஒருமுறை. படகுக்காரர்கள் அலுத்துப்போய், “போதும்யா, உனக்கு டீசல் ஊத்தியே சங்கம் திவாலாயிடும்” என்றார்கள்.

பிறகு படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதே அவர் பிழைப்பாயிற்று. துறைமுகத்தில் உள்ள படகெல்லாம் அவர் கைபட்டவை. சங்கம் வாங்கிய புதுப்படகைத் தவிர. அதற்குச் சுக்கான் மச்சான். அதை அவரே அடிக்கிறார். உப்பைக் கழுவாமல், மரம் காயாமல், ஒரே மூச்சில் அடிக்கிறார். மாதம் ஒன்று ஆவதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடுகிறது.

மச்சான் பகை பாராட்டுகிற மனிதர் இல்லை. கரையில் இருக்கிற நாளெல்லாம் தங்கச்சி வீட்டில்தான் சாப்பாடு. ஏணியின் முதுகில் தட்டுவார், உலகத்துக் கதையெல்லாம் பேசுவார், பாதிக்கு மேல் பொய். பாறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது.

ஒருநாள் ஏணிக்குப் பொறுக்கவில்லை. சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு போய், புதுப்படகின் முன்பக்கத்தில் ஒரு கொப்புளத்தை மெல்லக் கீறினார். மேலேயிருந்து மச்சான் எட்டிப் பார்த்தார்.

“மாப்ள.”

“இது உரிஞ்சு வருது மச்சான். அடியில ஈரம். ஒரே ஒரு பக்கம் மட்டும் சுரண்டி...”

“மாப்ள, சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப போய்ச் சாப்பிடு. தங்கச்சிக்கிட்ட எனக்கும் எடுத்து வைக்கச் சொல்லு.” குரலில் கோபம் துளியும் இல்லை. “இதை நான் பார்த்துக்கிறேன்.”

ஏணி தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொப்புளங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தார்.